அடிநாதம் எங்கே போனது? ஒரு சின்னப் பெட்டியின் வரலாறும் எங்கள் ஒரு பிழையும்

 

போன தவணைக் கடைசியில் நடந்த எமது பாடசாலைக் கலைவிழாவைப் பற்றி இங்கே பலர் எழுதியிருந்தீர்கள், படங்களும் போட்டிருந்தீர்கள். நன்றி. அந்தப் படங்களில் ஒன்றில், மேடையின் ஓரத்தில் மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான் ஒரு பையன். "இந்தத் தம்பி ஏன் வாசிக்கல்ல?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். "பயிற்சி போதாது" என்று நாங்கள் பதில் போட்டோம். அந்தப் பதில் பிழை. அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு. பதிவு நீளம்தான். ஆனால் வரலாற்றோடு சேர்த்துச் சொன்னால்தான் விசயம் விளங்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கருவி இசை பற்றி எம்மவர்களிடையே இரண்டு கருத்து இருப்பது எங்களுக்கும் தெரியும். இது அந்த விவாதம் அல்ல. ஒரு பிள்ளைமேல் நாங்கள் போட்ட பழியைப் பற்றிய பதிவு இது.

நடந்தது இதுதான். தரம் 11 பையன். தோட்டத்துப் பிள்ளை. மச்சான் ஒருவரின் பழைய பேஸ் கிட்டாரில் பழகியவன். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் அவனுடைய அண்ணன் ஒரு சின்னப் பெடல் வாங்கி பஸ்ஸில் அனுப்பியிருந்தார். உள்ளங்கை அளவு பெட்டி. காலால் மிதித்தால் வேலை செய்யும். மேலே இரண்டு திருகுகள். 'கொரஸ்' என்று பெயர். இருப்பதிலேயே விலை குறைந்த வகை. பையன் இரண்டு வாரம் வீட்டில் அதை வைத்துப் பழகினான். வீட்டில் நன்றாகத்தான் கேட்டதாம்.

விழா நாளில் வாடகைக்கு எடுத்த பெரிய ஸ்பீக்கர்கள். மிக்சருக்குப் பக்கத்தில் நாங்கள். முதல் பாட்டு தொடங்கியதும் பேஸ் ஒரு நேரம் நெஞ்சில் இடித்தது. அடுத்த கணம் ஆளையே காணோம். மறுபடி வந்தது, மறுபடி போனது. தாளம் நொண்டியடிப்பது போல் இருந்தது. "தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு, ஒழுங்கா ஒரு டோலக்கி குடுத்திருக்கலாமே" என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. பாட்டு முடிந்ததும் நாங்கள் மேடைக்குப் போய், "மகன், நீ இனி வாசிக்க வேணாம், சும்மா இரு" என்றோம். "சேர், நான் சரியாத்தான் வாசிச்சேன் சேர்" என்றான். நாங்கள் கேட்கவில்லை. மீதி நான்கு பாட்டுக்கும் அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். அந்தப் படம்தான் நீங்கள் பார்த்தது.

இரண்டு வாரம் கழித்து, அதே ஸ்பீக்கர்காரர் வேறொரு வேலைக்கு வந்தபோது, பையனைக் கூப்பிட்டுப் பெடல் இல்லாமல் வாசிக்கச் சொன்னோம். ஒரு சுரம்கூடத் தப்பவில்லை. பெடலைப் போட்டதும் பழையபடி அடிநாதம் காணாமல் போனது. விரலில் பிழை இல்லை என்று அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. அப்படியானால் பிழை எங்கே? அதைத் தேடிப் படித்ததில் கிடைத்ததைத்தான் கீழே எழுதுகிறோம்.

கொரஸ் என்றால் என்ன? காலைக் கூட்டத்தில் முந்நூறு பிள்ளைகள் தேசிய கீதம் பாடுவதை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் பாடுவது ஒரே மெட்டுத்தான். ஆனால் எந்த இருவரும் ஒரே நொடியில் வாய் திறப்பதில்லை, எந்த இருவரின் சுருதியும் அச்சடித்தது போல் ஒன்றாக இருப்பதில்லை. ஒருவர் மயிரிழை முந்துவார், ஒருவர் பிந்துவார். அந்தச் சின்னச் சின்ன வித்தியாசம்தான் கூட்டுக்குரலுக்கு அகலத்தைத் தருகிறது. பள்ளிவாசலில் மௌலிது ஓதும்போதும், கோயிலில் பஜனை பாடும்போதும் நடப்பது இதுதான். ஒரே ஆள் வாசிக்கும் ஒலியை இப்படிப் பலர் வாசிப்பது போல் காட்டுவதே இந்தப் பெடலின் வேலை. வரும் ஒலியை அது அப்படியே ஒரு பக்கம் விடுகிறது. அதன் நகல் ஒன்றை மிகச் சிறிது நேரம் பிந்த வைக்கிறது. அந்தப் பிந்தும் நேரத்தைக் கூட்டிக் குறைத்து ஆட்டுகிறது. பிறகு இரண்டையும் சேர்த்து வெளியே அனுப்புகிறது.

பிந்தும் நேரத்தை ஆட்டினால் சுருதி ஏன் மாற வேண்டும்? இதற்கு விடை எங்கள் மலையகத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் இல்லாமலே தெரியும். ரயில் பாதை நானுஓயாவுக்கு வந்தது 1885இல், பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது 1924இல். அன்றிலிருந்து தண்டவாளத்தை ஒட்டிய லயங்களில் வாழ்பவர்கள் கேட்டுவரும் ஒலி அது. ஹோர்ன் அடித்துக்கொண்டு ரயில் எம்மை நோக்கி வரும்போது ஒலி கூர்மையாக இருக்கும். எம்மைக் கடந்து போனதும் சட்டென்று தாழும். ஓட்டுநர் ஹோர்னை மாற்றவில்லை. ஒலி வந்து சேரும் தூரம் குறையும்போது சுருதி ஏறுகிறது, கூடும்போது இறங்குகிறது. 1842இல் கிறிஸ்டியன் டொப்ளர் என்ற ஒஸ்திரிய அறிஞர் இதைக் கணக்காக எழுதினார். 1845இல் நெதர்லாந்தில் பைஸ் பலோட் என்பவர் உண்மையிலேயே ஒரு ரயிலில் ஊதுகருவிக் கலைஞர்களை ஏற்றி வாசிக்க வைத்தார். பாதையோரத்தில் சுருதி பிடிக்கத் தெரிந்தவர்களை நிறுத்திக் கேட்க வைத்தார். கணக்குச் சரி என்று அங்கே உறுதியானது. விஞ்ஞானத்துக்கு இசைக்காரர்கள் சாட்சி சொன்ன இடம் அது.

சுமார் நூறு ஆண்டு கழித்து இந்த உண்மையை ஒரு மரப்பெட்டிக்குள் அடைத்தார் அமெரிக்காவின் டொன் லெஸ்லி. ஹமண்ட் மின் ஓர்கனின் ஒலி அவருக்கு உயிரற்றதாகப் பட்டது. பெட்டிக்குள் ஒலிக்குழலை மோட்டாரால் சுற்ற விட்டார். குழலின் வாய் கேட்பவரை நெருங்கி விலகி, நெருங்கி விலகி வர, ஒலி அலைபோல் ஆடியது. 1941 முதல் அதை விற்றார். அருமையான ஒலி. ஆனால் அது ஓர் அலமாரி அளவு. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். விலையும் அப்படித்தான். ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெட்டிக்குள் கூர்மையான ஒலியும் தாழ்ந்த ஒலியும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டு, தனித்தனிச் சுழலிகளுக்குப் போயின. இந்தப் பிரிக்கும் யோசனைக்குப் பின்னால் திரும்பி வருவோம்.

பேஸ் கிட்டாரும் அப்படியொன்றும் பழைய கருவி இல்லை. அதற்கு முன் இருந்தது ஆள் உயரத்துக்கும் மேலான பெரிய டபிள் பேஸ். கலிபோர்னியாவில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த லியோ பெண்டர்தான் 1951இல், தோளில் மாட்டக்கூடிய மின் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கழுத்தில் கம்பிக் கட்டைகள் இருந்ததால் சுரம் துல்லியமாக விழுந்தது. அதனால் 'பிரிசிஷன்' என்றே பெயர் வைத்தார். அவர் கிட்டார் வாசிக்கத் தெரியாதவர் என்பது இன்னொரு வேடிக்கை.

எமது நாட்டில் மின் கிட்டார் இசை பரவியதில் மலைநாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1966இல் எழுந்த மூன்ஸ்டோன்ஸ் குழுவின் கிளரன்ஸ் விஜேவர்தன ஹப்புத்தளையில் பிறந்தவர். சிங்களப் பாடலுக்குள் மின் கிட்டாரைக் கொண்டுவந்தவர் என்று இன்றும் அவரைச் சொல்வார்கள். தமிழில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றவர்களின் பொப் பாடல்கள் வானொலியில் ஒலித்தன. 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. அதற்குப் பிறகு இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் வெறும் தாளத்துக்குத் துணை நிற்காமல் தனக்கென்று ஒரு மெட்டோடு நடக்கத் தொடங்கியது.

ஆனால் தோட்டத்தில் நாங்கள் அதை முழுசாகக் கேட்டோமா? கோயில் திருவிழாவுக்கு மரத்தில் கட்டும் புனல் போன்ற லவுட்ஸ்பீக்கரில் அடிநாதம் வராது. அதன் வாய்க்கும் குழலுக்கும் அவ்வளவு தாழ்ந்த ஒலியை வெளியே தள்ளும் ஆற்றல் கிடையாது. கையடக்க ரேடியோவிலும் வராது. ஆகவே பல காலம் அந்தப் பாடல்களின் கீழ்ப்பாதியை நாங்கள் கேட்டதே இல்லை. பேஸ் இருந்தால் எப்படி இருக்கும், இல்லாவிட்டால் எது குறையும் என்று பிரித்தறியும் பழக்கம் எங்கள் காதுக்கு வரவில்லை. மிக்சருக்குப் பக்கத்தில் நின்ற எங்கள் காதும் அப்படி வளர்ந்த காதுதான்.

ரேடியோ என்றதும் இன்னொரு கதை. எங்கள் வாப்பா ஹட்டனில் சின்னக் கடை வைத்திருந்தார். யுத்த காலத்தில் இரவானால் சிற்றலையில் பிபிசி தமிழோசை கேட்காமல் கடை பூட்ட மாட்டார். ஒலி கிட்ட வரும், எட்டப் போகும், ஆடி ஆடி வரும். முக்கியமான செய்தி வரும் நேரத்தில்தான் சரியாக அமிழ்ந்து போகும். வாப்பா ரேடியோவின் தலையில் தட்டுவார். "சனியன் பழுதாப் போச்சு" என்பார். பட்டரியை மாற்றுவார். உண்மையில் ரேடியோவில் ஒரு பழுதும் இல்லை. சிற்றலை வானத்தின் உயரத்தில் உள்ள அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. ஒரே அலை இரண்டு மூன்று பாதைகளில் வந்து சேர்கிறது. ஒரு பாதை கொஞ்சம் நீளம், ஒரு பாதை கொஞ்சம் கட்டை. அவை கூடிச் சேர்ந்தால் ஒலி எழும், ஒன்றையொன்று வெட்டினால் அமிழும்.

இதே ஒலியை ஜப்பானில் ஒருவர் வேறு மாதிரிக் கேட்டார். பூமியோ மியேடா என்ற பொறியியலாளர். மொஸ்கோ வானொலியின் சிற்றலை ஒலி ஆடி அசைந்து வந்ததைக் கேட்டு, அந்த ஆட்டத்தையே கருவியாக்கினால் என்ன என்று நினைத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1960களின் கடைசியில் ஷின்-ஏய் நிறுவனத்தில் அவர் செய்த 'யுனி-வைப்' பெட்டியை 1969 ஓகஸ்டில் வுட்ஸ்டொக் மேடையில் ஜிமி ஹென்றிக்ஸ் தன் கிட்டாரோடு பாவித்தார். எங்கள் வாப்பா பட்டரி மாற்றக் காரணமான அதே ஆட்டம்தான்.

அதே காலத்தில் லண்டனில் வசதியுள்ளவர்கள் வேறு வழி பார்த்தார்கள். பீட்டில்ஸ் குழு ஒரே வரியை இரண்டு முறை பாடிப் பதிவு செய்து குரலைத் தடிப்பாக்குவது வழக்கம். ஜோன் லெனனுக்கு அது அலுப்பு. 1966இல் எபி ரோட் ஸ்டூடியோவின் கென் டவுன்சென்ட் என்ற தொழில்நுட்பவியலாளர் டேப் இயந்திரங்களை இணைத்து, ஒன்றை வேகம் மாற்றி ஓடவிட்டு, ஒரு தடவை பாடியதையே இருவர் பாடியது போல் ஆக்கினார். யோசனை நல்லது. ஆனால் அதற்கு ஒரு ஸ்டூடியோ வேண்டும்.

விலை குறைந்த கதை இனித்தான் வருகிறது. 1969இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் சாங்ஸ்டர், டேர் என்ற இருவர் ஒரு புதிய மின்சுற்றைச் செய்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் 'வாளி வரிசை'. லயத்தில் கல்யாண வீடு என்றால் பீலியிலிருந்து அடுப்படி வரை ஆட்கள் வரிசையாக நின்று வாளியை கை மாற்றிக் கை மாற்றிக் கொடுப்பார்களே, அதேதான். ஒலியின் ஒரு கணத்தை முதல் மின்தேக்கி பிடித்து வைக்கிறது. அடுத்ததற்குக் கொடுக்கிறது. அது அதற்கடுத்ததற்கு. இப்படி நூற்றுக்கணக்கான கை மாறி மறுமுனைக்கு வரும்போது ஒலி சில மில்லிசெக்கன் பிந்தியிருக்கும். கை மாற்றும் வேகத்தைக் கூட்டினால் பிந்துவது குறையும், குறைத்தால் கூடும். சுழலும் குழலும் வேண்டாம், டேப் இயந்திரமும் வேண்டாம். நகத்தளவு சிப் போதும்.

ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் இந்த வகைச் சிப்பைப் பெருமளவில் செய்தது. ஒசாகாவில் இகுடாரோ ககெஹாஷி தொடங்கிய ரோலண்ட் நிறுவனம் 1975இல் ஜேசி-120 என்ற அம்பிளிபயரில் அதை வைத்தது. ஒரு ஸ்பீக்கரில் உள்ளபடியான ஒலி, மற்ற ஸ்பீக்கரில் ஆடும் நகல். இரண்டும் காற்றில்தான் கலந்தன. அடுத்த ஆண்டு, 1976இல், அந்தச் சுற்றை மட்டும் பிரித்தெடுத்து பொஸ் என்ற பெயரில் சிஇ-1 பெட்டியாக விற்றார்கள். 1979இல் வந்த சிஇ-2 உள்ளங்கை அளவு, ஒரு 9 வோல்ட் பட்டரியில் ஓடும். லெஸ்லியின் அலமாரி நாற்பது ஆண்டுக்குள் காலடிக்கு வந்துவிட்டது.

பிறகு போட்டி வந்தது. 2005 அளவில் ஜேர்மானியர் ஒருவர் தொடங்கிய பெரிங்கர் நிறுவனம் பிளாஸ்டிக் கூடு போட்ட பெடல்களைக் குறைந்த விலையில் சந்தைக்கு விட்டது. எமது பெடலின் தோற்றத்தைப் பார்த்துச் செய்தது என்று ரோலண்ட் வழக்குப் போட்டது. தோற்றம் மாற்றப்பட்டு 2006இல் இரு தரப்பும் சமரசமாகின. சரி பிழை எதுவானாலும், கொரஸ் ஒலி சம்பளக்காரர் கைக்கு எட்டியது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் 'எட்டியது' என்பதும் ஆளுக்கு ஆள் வேறு. 25 டொலர் பெடல் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். டொலர் 200 ரூபாவாக இருந்தபோது அது 5,000 ரூபா. 2021இல் போராடிப் பெற்ற 1,000 ரூபா நாட்சம்பளத்தில் ஐந்து நாள் கொழுந்து. 2022இல் டொலர் 360ஐத் தொட்டபோது அதே பெடல் 9,000 ரூபா. ஒன்பது நாள் கொழுந்து. வரியும் கடைக்காரர் இலாபமும் அதற்கு மேலே. "மலிவுச் சாமான்" என்று நாங்கள் சொல்லும்போது, அந்தப் பையனின் அண்ணன் எத்தனை நாள் நின்று உழைத்து வாங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, அடிநாதம் எங்கே போனது? கணக்குப் பார்ப்போம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பியைத் திறந்து மீட்டினால் அது செக்கனுக்கு ஏறத்தாழ 41 தடவை அதிரும். அதாவது ஒரு முழு அதிர்வுக்கு சுமார் 24 மில்லிசெக்கன். ஸ்பீக்கர் அதில் பாதி நேரம் காற்றை முன்னே தள்ளுகிறது, பாதி நேரம் பின்னே இழுக்கிறது. பெடல் தரும் நகல் சரியாக 12 மில்லிசெக்கன் பிந்தி வந்தால் என்ன ஆகும்? மூலம் தள்ளும் நேரத்தில் நகல் இழுக்கும். ஒரே கதவை ஒருவர் தள்ள மற்றவர் அதே பலத்தோடு இழுத்தால் கதவு அசையாது. சுரம் செத்துப்போகும். அடுத்த கம்பி செக்கனுக்கு 55 அதிர்வு. அதற்கு 9 மில்லிசெக்கன் பிந்தினாலே இந்தக் கதி. கொரஸ் பெடலில் பிந்தும் நேரம் பெரும்பாலும் இந்த எல்லையில்தான் ஆடுகிறது. ஆடி ஆடி அந்தப் புள்ளியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அடிநாதம் அமிழ்ந்து எழும். வாப்பாவின் ரேடியோவில் செய்தி அமிழ்ந்து எழுந்தது போல. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

சாதாரணக் கிட்டாருக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. அதன் ஒலியில் வேறு பல அதிர்வுகள் நிறைந்திருக்கும். ஒன்று வெட்டுப்பட்டாலும் மற்றவை தாங்கும். பேஸுக்கு அடிநாதம்தான் உயிர்.

அப்படியானால் பையன் வீட்டில் பழகியபோது ஏன் தெரியவில்லை? அவன் பாவித்தது சின்னப் பயிற்சி அம்பிளிபயர். அதன் சிறிய ஸ்பீக்கரால் 41 அதிர்வு ஒலியைச் சரியாகத் தர முடியாது. அதில் கேட்பது அந்தச் சுரத்தின் மேலடுக்கு ஒலிகள்தான். அவை கொரஸில் அழகாக மினுங்கும். இல்லாத ஒன்று வெட்டுப்பட்டாலும் தெரியாது. பெரிய ஸ்பீக்கரில் முதல் தடவையாக அடிநாதம் வெளியே வந்தது. வெட்டுப்பட்டதும் வெளியே தெரிந்தது. விழாவுக்கு முதல் நாள் பெரிய ஸ்பீக்கரில் ஒத்திகை பார்க்க நாங்கள் அவனுக்கு நேரம் கொடுக்கவில்லை. நடனத்துக்குக் கொடுத்தோம், நாடகத்துக்குக் கொடுத்தோம்.

இந்தச் சிக்கல் செய்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. 1987இல் பொஸ் பேஸ் கிட்டாருக்கென்றே தனியாக சிஇ-2பி என்ற கொரஸைக் கொண்டுவந்தது. அதற்குப் பின் வந்த பேஸ் மாடலில், தாழ்ந்த ஒலியைத் தொடாமல் விட்டு மேலே உள்ளதை மட்டும் ஆட்ட ஒரு திருகே வைத்தார்கள். லெஸ்லி பெட்டிக்குள் பார்த்த அதே பிரிக்கும் யோசனை. மலிவு வரிசையிலும் பேஸுக்கென்று தனி மாடல்கள் வந்தன. பையனின் அண்ணன் வாங்கியது கிட்டாருக்கானது. இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பது அவருக்கும் தெரியாது, அன்று எங்களுக்கும் தெரியாது.

இல்லாமையிலிருந்தே ஒரு வழி பிறந்த கதையும் உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர் நகரமான சல்போர்டைச் சேர்ந்தவர் பீட்டர் ஹுக். 1976இல் ஓர் இசை நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு மறுநாளே போய் பேஸ் கிட்டார் வாங்கினார். வாசிக்கத் தெரியாது. அவரிடம் இருந்த அம்பிளிபயர் மோசமானது. தாழ்ந்த சுரம் வாசித்தால் மற்றக் கருவிகளின் சத்தத்தில் அவருக்கே கேட்காது. அதனால் மேல் கம்பிகளில், மேல் சுரங்களில் வாசித்தார். பின்னர் அதற்குக் கொரஸ் பெடலும் சேர்ந்தது. ஜோய் டிவிஷன், நியூ ஓடர் குழுக்களின் பாடல்களில் பேஸே முன்னின்று மெட்டைப் பாடும் அந்த ஒலி அப்படித்தான் பிறந்தது. மேல் சுரங்களில் அடிநாதம் வெட்டுப்படும் பிரச்சினை குறைவு என்பதால் கொரஸ் அங்கே பொருந்தி வந்தது.

எனவே இப்படியொரு பெடல் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இருந்தால் அதை வீசச் சொல்லாதீர்கள். நாங்கள் பையனோடு சேர்ந்து செய்து பார்த்ததைச் சொல்கிறோம்.

ஆட்டத்தின் ஆழத்தையும் வேகத்தையும் சொல்லும் இரண்டு திருகுகளையும் முதலில் குறைத்து வையுங்கள். கால்வாசிக்கு மேல் பேஸுக்குத் தேவைப்படாது. வேகமான பாட்டுக்கு, குறிப்பாக பைலாத் தாளத்துக்கு, பெடலை நிறுத்திவிடுங்கள். மெதுவான பாட்டில், மேல் கம்பிகளில் தனியாக வாசிக்கும் இடத்தில் மட்டும் மிதியுங்கள். பெடலில் இரண்டு வெளிவழி இருந்தால், ஒன்றில் உள்ளபடியான ஒலியும் மற்றதில் நகலும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இரண்டையும் மிக்சரில் வேறு வேறு வழியில் போட்டு, நகல் வரும் வழியில் 'லோ' திருகை முழுக்கக் குறையுங்கள். அடிநாதம் அசையாமல் நிற்கும், மேலே மட்டும் மினுங்கும். விலை கூடிய பேஸ் பெடல் செய்யும் வேலையில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும். பட்டரி இல்லாமல் அடாப்டர் போடுவதானால் 9 வோல்ட்தானா, நடுமுனை எதிர்மறையா என்று பெடலில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்துப் போடுங்கள். வீட்டில் கிடைக்கும் ரவுட்டர் அடாப்டரைச் செருகினால் பெடல் அன்றோடு முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய ஸ்பீக்கரில் அரை மணித்தியாலமாவது ஒத்திகைக்கு விடுங்கள்.

தோட்டத்தில் தப்பு அடிப்பவர்களை நாம் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறோம். அந்தக் காலத்தில் பெரட்டுக்கு ஆள் எழுப்பியதும் தப்புத்தான், காமன் கூத்துக்கு ஊரைக் கூட்டுவதும் தப்புத்தான். மலைப் பனியில் தோல் ஈரம் பிடித்துத் தொய்ந்துவிடும். ஒலி மங்கிவிடும். அப்போது அடிப்பவரைப் பார்த்து "உனக்கு அடிக்கத் தெரியாது" என்று யாரும் சொல்வதில்லை. நாலு சருகை, ஒரு துண்டுக் கடதாசியைக் கொளுத்தி, தப்பை நெருப்பில் காட்டச் சொல்வார்கள். தோல் இறுகும், ஒலி திரும்பி வரும். பாடசாலைக்குப் போகாத பெரியவர்களுக்குத் தெரிந்த அந்த முறை, கல்வியியற் கல்லூரியில் படித்து வந்த எங்களுக்கு அன்று மேடையில் நினைவுக்கு வரவில்லை. கருவியைப் பார்க்காமல் கையைக் குறை சொன்னோம். அதுவும் ஊர் முன்னால்.

போன வாரம் காலைக் கூட்டத்தில், அதே பிள்ளைகள் முன்னால், அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். "பரவாயில்ல சேர்" என்றான். பிறகு, "ஆனா சேர், அண்ணாக்கிட்ட பெடல் சரியில்லன்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றான். சொல்லவில்லை. பெடல் சரியாகத்தான் இருக்கிறது. இந்தப் பதிவை அவனுடைய அண்ணன் படித்தால் அவருக்கும் அது விளங்கட்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த தவணை விழாவில் அவன் ஐந்து பாட்டுக்கும் வாசிப்பான். முதல் நாள் ஒத்திகையில் முதல் அரை மணித்தியாலம் அவனுக்கு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்துத் திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ முதன்முதலாக மின் கிட்டார், பேஸ் கிட்டார் வந்தது எப்போது, யார் வாசித்தார், கரண்ட் எங்கிருந்து எடுத்தார்கள் என்று நினைவிருக்கும் பெரியவர்கள் எழுதுங்கள். எழுத முடியாதவர்களிடம் பிள்ளைகள் கேட்டு எழுதுங்கள். எமது ஆட்களின் இசைக்குழுக்களைப் பற்றி எழுதி வைத்தவர்கள் குறைவு. இந்தப் பதிவில் பிழை இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். பிழையைத் திருத்திக்கொள்வதற்காகத்தானே எழுதத் தொடங்கினோம்.